எண்ட் மில் ஷாங்கைக் கடைந்து சின்ன மில்லிங் மெஷினில் மாட்டலாமா?

கொடுங்கையூரில் மாடி அறையில் சின்னதாக ஒரு மில்லிங் மெஷின் வைத்திருப்பவர் கேட்ட கேள்வி இது. எண்ட் மில் என்பது முனையிலும் பக்கத்திலும் பல் உள்ள கட்டர், ஷாங்க் என்பது அதை மெஷினில் பிடிக்கும் வால் தண்டு. மெஷினின் ஸ்பிண்டில், அதாவது கட்டரைச் சுற்றும் தண்டு, எம்டி 3 டேப்பர் (மோர்ஸ் டேப்பர் என்ற கூம்பு), மோட்டார் 600 வாட். கூடவே வந்தது ஈஆர் 20 கோலெட் சக்; கோலெட் என்பது ஷாங்கைச் சுற்றிலும் கவ்வும் பிளந்த குழல். அதில் 13 எம்எம்முக்கு மேல் எதுவும் நுழையாது. மூடிப்போன ஒரு கம்பெனியின் கட்டர்கள் காயலான் கடைக்கு வந்ததும் எடைக்கு ஒரு பை வாங்கிவிட்டார். 16, 20 எம்எம் ஷாங்க் உள்ள எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) எண்ட் மில் பத்துப் பன்னிரண்டு, 16 எம்எம் கார்பைடு இரண்டு, எம்டி 2 டேப்பர் ஷாங்க் கட்டர் மூன்று, இன்செர்ட் (கழற்றி மாற்றும் வெட்டுத் துண்டு) மாட்டும் 25 எம்எம் கட்டர் ஒன்று. "எல்லா ஷாங்கையும் லேத் பட்டறையில் கொடுத்து 12 எம்எம் ஆக்கிவிடலாமா? இல்லை, டிரில் மெஷினில் மாட்டிச் சுழலவிட்டு ஆங்கிள் கிரைண்டரால் நானே தேய்த்துவிடலாமா?" என்று கேட்கிறார்.

பார்க்க ஷாங்கைப் பற்றிய கேள்விதான். ஆனால் அவர் தெரிந்துகொள்ள நினைப்பது, அந்தப் பையில் இருப்பதில் எது தன் மெஷினில் உருப்படியாக வேலை செய்யும் என்பதை. இரண்டுக்கும் பதில் வேறு. நான் முப்பது வருடத்துக்கு மேல் டூல் ரூமில் இருந்தவன். திருவொற்றியூர்ப் பக்கம் அப்ரண்டிஸாகச் சேர்ந்து டர்னர், மில்லர், கடைசியில் டூல் கிரைண்டிங் என்று போனது. இப்போது தண்டையார்பேட்டையில் வீட்டுக்குக் கீழே ஒரு பழைய லேத்தும் உங்களுடையது போன்ற ஒரு மெஷினும் இருக்கின்றன. கேள்வியோடு இருந்த படத்தை வைத்துத்தான் பேசுகிறேன். ஒரு ஷாங்க் எவ்வளவு கெட்டி என்பதைப் படம் காட்டாது, அதை நீங்கள்தான் சோதிக்க வேண்டும். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

முதலில் ஆங்கிள் கிரைண்டர் யோசனையை விட்டுவிடுங்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சுழலும் ஷாங்கின் மேல் கையில் பிடித்த வட்டை வைத்தால் மேடு இருந்த இடத்தில் துள்ளும், பள்ளத்தில் இறங்கும். பார்க்க உருண்டையாகத் தெரியும், மைக்ரோமீட்டர் வைத்தால் முட்டை வடிவமும் ஒரு பக்கச் சரிவும் தெரியும். 0.1 எம்எம் அவுட், அதாவது மையம் விலகிச் சுற்றுவது, வந்தாலே போதும். சின்ன மெஷினில் ஒரு பல்லுக்கு நாம் கொடுக்கும் ஃபீட் 0.03 எம்எம் சுற்றளவில்தான் இருக்கும். அதைவிட மூன்று மடங்கு அவுட் என்றால் நான்கு பல்லில் ஒன்றிரண்டு மட்டுமே வெட்டும், மற்றவை சும்மா சுற்றும். வெட்டும் பல் சீக்கிரம் மழுங்கும், ஜாப் (வெட்டப்படும் துண்டு) முழுக்க அலை அலையாக வரும், மெஷின் சரியில்லை என்று நீங்கள் மெஷினைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

அப்புறம், கடைவதற்கு முன் ஒரு வெர்னியரும் எண்ணெய்க் கல்லும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். பழைய கம்பெனி டூல்களில் ஷாங்க் ஓரமாக ஒரு தட்டையான வெட்டு இருக்கும், பக்கவாட்டில் ஸ்க்ரூ வைத்து இறுக்குவதற்கு. வருடக்கணக்கில் ஸ்க்ரூ அழுத்தி அந்த இடத்தில் பர், அதாவது சின்னக் கூர்மேடு, எழும்பியிருக்கும். விரல் நகத்தால் தடவினால் தட்டும். அந்த ஒரு பர்ரால்தான் 12 எம்எம் ஷாங்க் 12 கோலெட்டில் போகாமல் நிற்கும். கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும். இன்னொன்று, வடசென்னைக் காயலான் கடைகளில் வரும் பழைய டூல்களில் அங்குல அளவு நிறைய. 1955-ல் திருவொற்றியூரில் தொடங்கிய என்ஃபீல்டு புல்லட்டும் சரி, எண்ணூரில் லேலண்டு லாரியும் சரி, இங்கிலாந்து வரைபடத்தில் அங்குலத்தில் பிறந்தவை. மெட்ரிக் முறைக்கான சட்டமே 1956-ல்தான் வந்தது. இவற்றைச் சுற்றி வளர்ந்த சின்னச் சின்னப் பட்டறைகளில் அரை அங்குல, முக்கால் அங்குலக் கட்டர்கள் ரொம்ப நாள் ஓடின. எனவே 12.7, 15.875, 19.05 என்று அளவு வந்தால் யாரோ தப்பாகக் கடைந்தது என்று நினைக்க வேண்டாம். 12.7 உங்கள் ஈஆர் 20-இல் 13 கோலெட்டிலேயே அப்படியே உட்காரும், ஏனென்றால் ஈஆர் கோலெட் அந்த அளவில் ஒரு எம்எம் வரை சுருங்கும்.

சில ஷாங்கின் வால் பகுதியில் பொடி மரை இருக்கும், அங்குலத்துக்கு 20 மரை. அது அந்தக் காலத்து இங்கிலீஷ் சக்குக்கானது, சுற்றச் சுற்றத் தானே இறுகிக்கொள்ளும் வகை. அதை ஈஆர் கோலெட்டில் மரையோடு பிடித்தால் பிடிப்பும் குறையும், கோலெட்டின் உள்முகமும் பாழாகும். மரைப் பகுதியை மட்டும் ஒரு எம்எம் கட்டிங் வீலில் வெட்டி எறிந்துவிட்டு ஓரத்தைச் சாய்த்துவிடுங்கள். ஷாங்கை நீளத்தில் குறைப்பது இந்த வேலைகளிலேயே ஆபத்தில்லாதது. ஆனால் கோலெட்டுக்குள் மூன்றில் இரண்டு பங்காவது நிரம்பும் அளவு மிச்சம் வேண்டும். ஈஆர் 20 கோலெட் 31.5 எம்எம் நீளம், ஈஆர் 32 என்றால் 40. பாதி நீளத்தில் பிடித்தால் கோலெட் வாய்ப்பக்கம் மட்டும் கவ்வும், பின்பக்கம் திறந்தே இருக்கும், கட்டர் மெதுவாகக் கீழே இறங்கி ஜாப்பைத் தோண்டும்.

சரி, இப்போது 16-க்கும் 20-க்கும் வருவோம். ஷாங்கைக் குறைப்பதற்குப் பதில் பிடிக்கும் கையை மாற்றுங்கள் என்பதுதான் என் முதல் பதில். எம்டி 3 டேப்பர் போட்ட ஈஆர் 32 சக் கடையில் கிடைக்கிறது. அது 20 எம்எம் ஷாங்க் வரை பிடிக்கும், பின்னால் எம்12 டிராபார் மரை இருக்கும்; டிராபார் என்பது டேப்பரை மேலிருந்து இழுத்துப் பிடிக்கும் நீள போல்ட். செம்புதாஸ் தெருப் பக்கம் போனால் பார்த்தே வாங்கலாம். வாங்கும்போது டிராபார் மரையைக் கேட்டுச் சரிபாருங்கள், எம்டி 3-இல் அரை அங்குல மரையும் உண்டு. இரண்டாவது வழி, எம்டி 3 ஸ்பிண்டிலுக்குள் நேராகப் போகும் கோலெட். 16 எம்எம் வரை சுலபமாகக் கிடைக்கும், சக் என்ற ஒன்றே வேண்டாம், கட்டர் ஸ்பிண்டில் வாயை ஒட்டி நிற்கும். சின்ன மெஷினுக்கு இது பெரிய லாபம். தலையும் தூணும் ஏற்கெனவே ஆடும் மெஷினில், கட்டரை இன்னும் அறுபது எம்எம் கீழே தொங்கவிட்டால் நடுக்கம் வராமல் என்ன செய்யும்? குறை என்னவென்றால், டூல் மாற்ற ஒவ்வொரு முறையும் டிராபாரைத் தளர்த்தி மேலிருந்து தட்ட வேண்டும். எம்டி டேப்பர் உள்ளே போய்க் கவ்விக்கொள்ளும் வகை, தானாக விடாது.

மூன்றாவது வழியைத்தான் நான் என் மெஷினுக்குச் செய்திருக்கிறேன், கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். முன்பக்கம் கெட்டிப்படுத்தாத குண்டுக் கட்டையாகவும் பின்பக்கம் எம்டி 3 டேப்பராகவும் ஒரு ஆர்பர் விற்பார்கள். அதை உங்கள் ஸ்பிண்டிலில் மாட்டி டிராபாரை இறுக்குங்கள். ஸ்பிண்டிலிலும் ஆர்பரிலும் நேருக்கு நேராகச் சென்டர் பஞ்ச் கருவியால் ஒரு புள்ளி வையுங்கள், இனி எப்போது மாட்டினாலும் புள்ளி புள்ளியோடு சேர வேண்டும். இப்போது மேலும் கீழும் மாறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்: சுற்றுவது ஜாப், நிற்பது டூல். மேசையில் உள்ள வைஸில் சென்டர் டிரில்லை நெட்டுக்குத்தாகப் பிடித்து, ஸ்பிண்டிலைக் கீழே இறக்கித் துளை தொடங்குங்கள். 15 எம்எம் வரை டிரில் போட்டபின், அதே வைஸில் ஒரு போரிங் பாரை நெட்டுக்குத்தாகப் பிடித்து, மேசையைத் துளித்துளியாக நகர்த்தி 16-க்குக் கொண்டுவாருங்கள். டிரில் கொஞ்சம் ஓடியிருந்தாலும் போரிங் பார் அதை நேராக்கிவிடும். உங்கள் ஸ்பிண்டில் எந்தக் கோட்டில் சுற்றுகிறதோ அதே கோட்டில்தான் துளை வரும், ஏனென்றால் அதைக் கடைந்ததே அந்த ஸ்பிண்டில். பிறகு பக்கவாட்டில் எம்10 மரை போட்டு ஒரு கிரப் ஸ்க்ரூ.

இதில் அவசரப்படக் கூடாத இடம் ஒன்று உண்டு. ஸ்க்ரூ இறுகும்போது கட்டரை எதிர்ச்சுவரில் தள்ளும். துளையில் எவ்வளவு தளர்வு இருக்கிறதோ அதில் பாதி தூரம் கட்டரின் மையம் விலகும், அவுட் அளக்கும் டயல் கேஜில் அது முழுத் தளர்வாகவே தெரியும். அதனால் கடைசி 0.1 எம்எம்மில் நூறு முறை அளந்தாலும் தப்பில்லை. கையில் இருக்கும் கட்டர் ஷாங்கையே கேஜாக வைத்து, எண்ணெய் தடவி உள்ளே விட்டால் காற்றை அழுத்திக்கொண்டு மெல்ல இறங்க வேண்டும். விரலை விட்டதும் டப்பென்று விழுந்தால் துளை பெரிதாகிவிட்டது. எனக்கு முதல் ஆர்பர் அப்படித்தான் போனது. அதை அப்புறம் 20-க்குப் பெரிதாக்கிக்கொண்டேன், அதனால் காசு வீணாகவில்லை. இப்படிப் பிடிக்க ஷாங்கில் தட்டை வேண்டும். இல்லாத ஷாங்கில் பெஞ்ச் கிரைண்டரில் நீங்களே போடலாம். 16-க்கும் 20-க்கும் தட்டையின் ஆழம் 1.8 எம்எம். தட்டை ஷாங்கின் நீளவாக்குக்கு இணையாக இருக்கட்டும், சாய்ந்தால் ஸ்க்ரூ கட்டரை வெளியே தள்ளும்.

அதெல்லாம் வேண்டாம், ஈஆர் 20-இல்தான் மாட்டுவேன் என்றால், ஷாங்கைக் குறைக்கலாம். ஆனால் எதைக் குறைக்க முடியும் என்பதைப் பழைய அரம் ஒன்று சொல்லும். ஷாங்கின் வால் முனையில் அரத்தை வைத்து ஒரு தள்ளு தள்ளுங்கள். கண்ணாடி மேல் போவது போல வழுக்கி, கிரீச் என்று சத்தம் வந்தால் முழுக்கக் கெட்டி, லேத்தில் கடைய முடியாது, சிலிண்ட்ரிகல் கிரைண்டிங்தான். அரம் பிடித்துப் பொடி உதிர்ந்தால் கார்பைடு இன்செர்ட்டால் கடையலாம். பெரிய எண்ட் மில்களில் பலவற்றுக்கு வெட்டும் பகுதி எச்எஸ்எஸ், ஷாங்க் சாதாரண ஸ்டீல், இரண்டையும் உரசிப் பற்றவைத்திருப்பார்கள். ஷாங்கை எமரி பேப்பரால் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், பல் முடியும் இடத்துக்குக் கொஞ்சம் பின்னால் மோதிரம் போட்ட மாதிரி நிறம் மாறிய ஒரு கோடு தெரியலாம். அது தெரிந்தால் கடைவதற்கு நல்ல பிள்ளை. கோடு தெரியவில்லை என்றால் பற்றவைக்கவில்லை என்று அர்த்தமில்லை, கிரைண்ட் செய்த பின் பலவற்றில் கண்ணுக்குப் படாது. அரத்தை நம்புங்கள்.

எவ்வளவு குறைக்கலாம் என்பது கணக்கு. முறுக்கைத் தாங்கும் வலு விட்டத்தின் மூன்றாம் அடுக்கோடு போகும், விறைப்பு நான்காம் அடுக்கோடு போகும். 16-ஐ 12 ஆக்கினால் அந்தக் கழுத்தில் வலு 42 சதவீதமும் விறைப்பு 32 சதவீதமும் மிஞ்சும். 20-ஐ 12 ஆக்கினால் வலு 22, விறைப்பு 13. இதைப் பார்த்துப் பயப்பட வேண்டுமா என்றால், 16-க்கு அவ்வளவு வேண்டாம். பல் வெட்டிய பகுதியில் நடுக்கட்டை எப்படியும் 10 எம்எம் சுற்றளவில்தான் இருக்கும், 12 எம்எம் கழுத்து அதைவிட மோசமில்லை. 20 எம்எம் கட்டரை 12-இல் நிறுத்துவதுதான் எனக்குப் பிடிக்காத வேலை. வளைக்கும் விசை அதிகம் விழுவது கோலெட் வாய் பக்கத்தில், சரியாக நாம் ஒல்லியாக்கிய இடத்தில். லேசான வெட்டுக்கு ஓடும் என்று சொல்பவர்கள் உண்டு, ஓடுவதையும் பார்த்திருக்கிறேன். உடைவதையும் பார்த்திருக்கிறேன்.

பார்த்தது என்ன, உடைத்ததே நான்தான். அப்ரண்டிஸ் முடித்த புதிதில் ஒரு கம்பெனியில் அவசர வேலை. 20 எம்எம் கட்டரை 12-க்குக் கடைந்தேன், படி இறங்கும் இடத்தில் பார்ட்டிங் டூலால் மூலையைக் கூராக வெட்டிவிட்டேன், பார்க்க அழகாக இருந்தது. மூன்றாவது ஜாப்பில் டொக் என்று ஒரு சத்தம், துண்டு எதிர்ச்சுவர் காலண்டரைக் கிழித்துக்கொண்டு விழுந்தது. என் மேல் பட்டிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். ஃபோர்மேன் உடைந்த முகத்தைப் பார்க்கச் சொன்னார். ஒரு ஓரத்திலிருந்து முக்கால்வாசி தூரம் வழவழப்பாக, மரத்தின் ஆண்டு வளையம் மாதிரி கோடு கோடாக இருந்தது. மீதி மட்டும் உப்புக்கல் உடைத்தது போல மினுமினுப்பு. கூரான மூலையில் விரிசல் முதல் ஜாப்பிலேயே தொடங்கி, சுற்றச் சுற்ற வளர்ந்து, கடைசி மினுமினுப்புப் பகுதி மட்டும் ஒரே நொடியில் விட்டிருக்கிறது. அன்றிலிருந்து படி இறங்கும் இடத்தில் 1.5 அல்லது 2 எம்எம் ரேடியஸ் விடாமல் நான் எதையும் கடைந்ததில்லை.

கடைபவரிடம் நீங்கள் சொல்ல வேண்டியவை சில. காசிமேட்டில் போட் ஷாஃப்ட் கடையும் பட்டறையாக இருந்தாலும் சரி, வியாசர்பாடி எஸ்டேட்டில் இருந்தாலும் சரி, "அண்ணே, ஷாங்க்கை 12 பண்ணிக் கொடுங்க" என்று மட்டும் சொன்னால் பல் பகுதியை மூன்று தாடைச் சக்கில் பிடித்துக் கடைந்துவிடுவார். பல்லும் சிதையும், அவுட்டும் வரும். கட்டரின் இரண்டு முனையிலும் சென்டர் துளை இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் நேராகக் குத்தி இறங்க முடியாத பழைய நான்கு பல் எண்ட் மில்களில் வெட்டும் முகத்திலும் துளை இருக்கும். அதைச் செய்த கம்பெனியே அந்த இரண்டு துளைக்கு நடுவில் வைத்துத்தான் கிரைண்ட் செய்திருக்கும், நாமும் அதே துளைகளில் வைத்தால் மையம் மாறாது. முகத்தில் துளை இல்லை என்றால், பிளந்த அலுமினிய புஷ் ஒன்றைப் பல் பகுதிக்குப் போட்டு, நான்கு தாடைச் சக்கில் பிடித்து, பழைய ஷாங்கின் மேல் டயலை வைத்து, சக் பக்கம் ஒரு இடம், வால் பக்கம் ஒரு இடம், இரண்டிலும் 0.01-க்குள் கொண்டுவந்து, வால் முனைக்கு டெய்ல்ஸ்டாக் சென்டர் கொடுத்த பிறகே முதல் வெட்டு. இதற்கு அரை மணி நேரம் ஆகும். அரை மணிக்கு உண்டான கூலியைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

முடிந்த அளவு 12.000-க்கு மேல் போகவே கூடாது, கம்பெனி ஷாங்க் 11.989-க்கும் 12.000-க்கும் இடையில் இருக்கும். தவறி 12.05 நின்றுவிட்டால் 12 கோலெட்டில் அடித்து ஏற்றாதீர்கள், 13 கோலெட்டில் போடுங்கள். கடைந்த பகுதி 32 எம்எம் நீளமாவது இருக்கட்டும். மாட்டும்போது ரேடியஸ் கோலெட் வாயில் ஏறி உட்காராமல் ஒன்றிரண்டு எம்எம் இடைவெளி விடுங்கள். கடையும்போது ஷாங்க் நீலமாகிவிட்டதே, டூல் போச்சா என்று பலர் கேட்பார்கள். எச்எஸ்எஸ்ஸை டெம்பர் செய்வதே 550 டிகிரி அளவில், நீலம் வருவது 300 அளவில். அதற்கு ஒன்றும் ஆகாது. சூடாக இருக்கும்போது தண்ணீரில் முக்குவதுதான் கெடுதல், மயிரிழை விரிசல் விடும். ஷாங்கை வெட்டிவிட்டு 12 எம்எம் ராடைப் பற்றவைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கார்பைடு இரண்டையும் தொடாதீர்கள். லேத்தில் கடைய முடியாது, வைரப் பொடி வீலில் தண்ணீர் விட்டுத்தான் கிரைண்ட் செய்ய வேண்டும். உலர்வாகத் தேய்த்தால் வரும் தூளில் கோபால்ட் இருக்கும், அது நுரையீரலுக்குக் கேடு, அதுவும் காற்று வராத மாடி அறையில். அதோடு நடுங்கும் மெஷினில் கார்பைடு பல் உதிரும். கார்பைடு ஸ்கிராப்புக்குக் காயலான் கடையில் தனி விலை உண்டு, எச்எஸ்எஸ்ஸோடு சேர்த்து எடை போட விடாமல் கொடுத்து, அந்தக் காசில் 10 எம்எம் ஷாங்கில் புதிதாக ஒன்று வாங்கலாம்.

எம்டி 2 கட்டர்கள் மூன்றும் எனக்குப் பிடித்தவை. படத்தில் இரண்டுக்குப் பின்னால் மரைத் துளை தெரிகிறது, அது எம்10. எம்டி 3-க்குள் எம்டி 2 போடும் ஸ்லீவ் ஒன்று வாங்கி, அதன் பின்னால் இருக்கும் டாங்கை (தட்டையான வாலை), குறுக்குத் துளை வரை, கட்டிங் வீலால் வெட்டி எடுங்கள். அந்த வழியாக எம்10 டிராபார் நுழையும். மூன்றாவதில் மரை இல்லை, டாங்க்தான் இருக்கிறது. டிராபார் இல்லாமல் அதை மில்லிங்குக்கு ஒருநாளும் மாட்டாதீர்கள். டிரில்லிங்கில் விசை மேல்நோக்கி அழுத்தி டேப்பரை உள்ளே தள்ளும். மில்லிங்கில் பக்கத்திலிருந்து அசைத்து அசைத்துக் கழற்றிவிடும், ஓடும்போதே கீழே விழும். அரம் பிடித்தால் டாங்கை வெட்டி, 8.5 டிரில் போட்டு, எம்10 டேப் ஒரு 20 எம்எம் ஆழத்துக்கு. இந்த மரை மையத்திலிருந்து கொஞ்சம் விலகினாலும் பாதகமில்லை, கட்டரை நேராக நிறுத்துவது டேப்பர்தான், மரை இழுக்க மட்டும்தான். டேப்பரில் துரு இருந்தால் முதலில் அதைத் துடையுங்கள். நம் பக்கம் கடல் காற்றில் ஒரு மழைக்காலம் போதும், எண்ணெய் இல்லாத டேப்பர் சொறி பிடித்துவிடும். சிறு துரு மேடு கூட டேப்பரைச் சாய்த்து நிறுத்தும்.

இன்செர்ட் கட்டரின் உடம்பு டெம்பர் செய்த ஸ்டீல்தான், கார்பைடு இன்செர்ட்டால் கடையலாம். அதன் 20 எம்எம் ஷாங்கை 16 ஆக்கினால் வலு பாதி மிஞ்சும், அது போதும், 16 எம்எம் எம்டி 3 கோலெட்டில் போடலாம். ஆனால் 600 வாட்டில் இரும்பில் அரை எம்எம் ஆழத்துக்கு மேல் ஆசைப்பட வேண்டாம். இதே பேச்சு 20 எம்எம் எண்ட் மில்லுக்கும் பொருந்தும். எச்எஸ்எஸ்ஸுக்கு மைல்ட் ஸ்டீலில் நிமிடத்துக்கு 25 மீட்டர் வெட்டு வேகம் என்று வைத்தால் 20 எம்எம் கட்டர் 400 சுற்றில் ஓட வேண்டும், 12 எம்எம் கட்டருக்கு 660. அந்த 400 சுற்றில் சின்ன மோட்டார் மூச்சுத் திணறும். ஷாங்கை எப்படி மாற்றினாலும் இது மாறாது. பையில் இருக்கும் 20 எம்எம் கட்டர்களில் ஒன்றிரண்டை அலுமினியத்துக்கும் ஓரம் சீவுவதற்கும் வைத்துக்கொண்டு, மீதியை 16 எம்எம், 12 எம்எம் கட்டர்களுக்கு மாற்றிக் கொள்ள முடிந்தால் மாற்றிவிடுங்கள்.

எந்த வழியில் போனாலும், மாட்டியதும் ஒரு சோதனை. ஈஆர் என்றால் கோலெட்டை முதலில் நட்டுக்குள் சாய்த்து டிக் என்று உட்காரவைத்து, அப்புறம்தான் சக்கில் ஏற்ற வேண்டும். சக்கில் கோலெட்டைப் போட்டு மேலே நட்டைத் திருகுவது எல்லோரும் செய்யும் தப்பு. பிறகு டயலைப் பல்லுக்குச் சற்று மேலே, ஷாங்கின் வழவழப்பான பகுதியில் வைத்து ஸ்பிண்டிலைக் கையால் சுற்றுங்கள். 0.03-க்குள் இருந்தால் சுவிட்சைப் போடுங்கள். அதைத் தாண்டினால் கட்டரைத் தளர்த்திக் கால் சுற்றுத் திருப்பி மறுபடி இறுக்கிப் பாருங்கள், அவுட் இடம் மாறினால் தப்பு கட்டரில், மாறாமல் அதே பக்கம் நின்றால் தப்பு சக்கிலோ ஸ்பிண்டில் டேப்பரில் ஒட்டியிருக்கும் சிப்பிலோ. என் அனுபவத்தில் பாதிக்கு மேல் அந்தச் சிப்புதான், ஒரு துணியை விரலில் சுற்றி டேப்பருக்குள் விட்டுத் துடைத்தால் போய்விடும். மெஷினின் மெயின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் துடையுங்கள்.